மாணவர் தலைமை: சூட்டும் பட்டமா, ஏற்கும் பொறுப்பா?

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் ஆரவாரம் சற்றே அடங்கும் இடத்தில் அமைந்திருப்பது அயோத்தியாப்பட்டணம். இலங்கையிலிருந்து மீண்ட இராமபிரான், முடிசூட்டு வேளை நெருங்கிவிட்டமையால், அயோத்தி சென்றடையும் முன்னரே இவ்விடத்தில் பட்டாபிடேகக் கோலம் காட்டினார் என்பது இவ்வூர்க் கோதண்டராமர் கோயிலின் தலவரலாறு. முடிசூட்டு விழாவின் பெயராலேயே ஊர்ப் பெயரும் விளங்குகின்றது எனலாம்.

இதே வட்டாரத்தில் ஆண்டுதோறும் மற்றொரு முடிசூட்டு விழாவும் நடைபெற்று வருகின்றது. அதனைப் புராணம் பாடவில்லை, நாளேடுகளும் எழுதுவதில்லை. சூன் மாதத்தில் பள்ளிகள் திறந்த சில நாள்களில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தலைமையாசிரியர் ஒரு மாணவனை முன்னே அழைப்பார், அவன் சட்டைப் பையின்மேல் ஒரு வில்லை குத்தப்படும், 'பள்ளி மாணவர் தலைவர்' என்று அறிவிக்கப்படும், அனைவரும் கைதட்டுவர். யார் அவனைத் தேர்ந்தெடுத்தார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார், அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்னும் வினாக்கள் மட்டும் எழுவதே இல்லை.

அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில், ஒரு நாடு எவ்வாறு ஆளப்படும் என்பதற்கான முதற்பாடம் பாராளுமன்றத்தில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு அறையில் தொடங்குகின்றது என்பது நம் உறுதியான எண்ணம்.

தலைவனா, காவலனா?

நம் ஊர்ப்புறப் பள்ளிகளில் மாணவர் தலைவனின் பணிகள் யாவை? வழிபாட்டுக் கூட்டத்தில் ஆணைக்குரல் கொடுத்தல், உறுதிமொழி சொல்லித்தருதல், சுண்ணக்கட்டியும் வருகைப் பதிவேடும் எடுத்து வருதல், ஆசிரியர் இல்லாத வேளையில் பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுதல், சுதந்திர தினத்தன்று விருந்தினருக்கு நாற்காலி இடுதல். இவையனைத்தும் பயனுள்ள பணிகளே, மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் மாணவர் சார்பில் ஆசிரியரிடம் எடுத்துச் செல்லும் பணியாக உள்ளதா? மேலிருந்து கீழே ஆணை இறங்குவதற்கு அவன் படிக்கட்டு. கீழிருந்து மேலே குறை ஏறுவதற்கு அவன் படிக்கட்டு அல்லன்.

குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் வரவில்லை. பெண்களுக்கான கழிப்பறையின் தாழ்ப்பாள் பழுதுபட்டுள்ளது. குப்பனூர்ப் பக்கத்துப் பேருந்து காலையில் தாமதித்து வருவதால் அவ்வூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் வாயிலில் நிற்கின்றனர். இவற்றை ஒரு மாணவன் எழுந்து நின்று சொன்னால், 'அதிகப்பிரசங்கி' என்னும் பெயர் அவனுக்குக் கிட்டும். தலைவன் சொல்லலாமே எனின், அவன் வில்லை குத்தப்பட்டது சொல்வதற்காக அன்று, சொல்வதைக் கேட்பதற்காக. பேசியவர் பெயரை எழுதுபவனைக் காவலன் என்று அழைப்பதே பொருத்தம்; தலைவன் என்று அழைப்பது அச்சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதி.

தேர்வுமுறையும் அவ்வாறே. மதிப்பெண் மிகுந்தவன், குரல் கணீரென்றவன், உயரமானவன், ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்தவன் என்னும் தகுதிகளே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஆணும் பெண்ணும் பயிலும் பள்ளிகளில் தலைவன் ஆணாகவும், துணைத் தலைவி பெண்ணாகவும் அமைவது எழுதப்படாத சட்டம்.

நாம் சூடிய வில்லை

பிறரைக் குறைகூறுவதற்கு முன்னர் நம் கதையைச் சொல்லிவிடுதல் முறை. நாம் இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புப் பயின்ற ஆண்டில், புதிதாக வந்த ஆசிரியர் ஒருவரின் ஆர்வத்தால் மாணவர் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடைபெற்றது. நோட்டுத் தாளைக் கிழித்து வாக்குச்சீட்டு ஆக்கினோம். சுண்ணக்கட்டி வந்த வெற்றுப் பெட்டியே வாக்குப்பெட்டி. நாமும், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகளும் போட்டியிட்டோம். வாக்குப்பெட்டி ஆசிரியர் அறைக்குச் சென்றது. மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் நம் பெயர் அறிவிக்கப்பட்டது. அவள் துணைத் தலைவி ஆக்கப்பட்டாள்.

அன்று நண்பகலுக்குள் உண்மை நமக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிச் சென்ற வகுப்புத் தோழன் எண்ணிக்கையைக் கண்டிருக்கின்றான். வென்றவள் அவள். 'பெண்பிள்ளை கூட்டத்தை அடக்க முடியாது' என்பது பெரியவர்களின் முடிவு. அம்முடிவில் வன்மம் இல்லை, வழக்கம் இருந்தது. வழக்கம் வன்மத்தினும் வலிமை வாய்ந்தது என்பதனைப் பின்னாளிற்றான் உணர்ந்தோம்.

நாம் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. வில்லையைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். அறிவித்த ஆசிரியரிடம் தனியே சென்று கேட்டிருக்கலாம். ஆண்டு முழுவதும் அதனை அணிந்துகொண்டு நடந்தோம். வீட்டில் நிழற்படமும் எடுத்து மாட்டினோம்.

மாசி மாதத்தில் பிரிவு உபசார விழா வந்தது. தலைக்குப் பத்து ரூபாய் வசூலித்தோம். பணம் நம் கையில். ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, இனிப்புக்கு இவ்வளவு, ஆசிரியர்க்கு நினைவுப் பரிசு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டே சென்றோமேயன்றி, ஒரு வரியும் எழுதி வைத்தோமில்லை. விழாவுக்கு மறுநாள் ஒலிபெருக்கிக்காரர் மீதித் தொகை கேட்டு வாயிலில் நின்றபோது கையில் காசில்லை. 'பணத்தை என்ன செய்தாய்?' என்று கேட்கப்பட்டது. விடை இல்லை. அப்பொழுது அவள் தன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து தலைமையாசிரியர் மேசைமீது வைத்தாள். எவர் எவர் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை, எக்கடைக்கு என்ன சென்றது என்பதெல்லாம் காசு பிசகாமல் அதில் இருந்தன. பத்தொன்பது பேர் பணம் தரவே இல்லை என்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. நம் மானம் காக்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்விழாவை அவள் பார்க்கவில்லை. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய விழா இருட்டிய பின்னரே முடிந்தது. அவள் ஊருக்கு ஆறு மணிக்குமேல் பேருந்து இல்லை. கணக்கு எழுதியவள் விழாவுக்கு இல்லை. கணக்கு எழுதாதவன் மேடையில் மாலையோடு அமர்ந்திருந்தான். நம் பள்ளிகளின் மாணவர் ஆட்சி எந்நிலையில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

முன்னோர் காட்டிய நெறி

தேர்தலும் கணக்கும் தமிழர்க்குப் புதியன அல்ல. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று பணிக்கேற்ற குழுக்கள் அமைந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் பொறுப்பு வகித்தவரும் வர இயலாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட இவ்விதிகளைப் பள்ளிக்கூடத் திருவிழாக் குழுவுக்கு இன்று பொருத்தினாலும் குறையொன்றும் இல்லை.

ஆயின், அம்முறையைப் போற்றுங்கால் அதன் எல்லையையும் மறைத்தல் ஆகாது. நிலமும் சொந்த மனையும் உடைய, மறை பயின்ற ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. பெண்டிர்க்கும் உழைப்பாளர்க்கும் இடமில்லை. மற்றொரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் உரியது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். விவரம் அறியாதவன் என்பதனாலேயே அவன் அப்பணிக்கு அழைக்கப்பட்டான். ஓலையை எடுக்கும் கை அவனுடையது. ஓலையில் அவன் பெயர் இருக்காது. நம் பள்ளிப் பிள்ளைகளின் இன்றைய நிலையும் அச்சிறுவனின் நிலையே அன்றோ? வாக்குச்சீட்டு இடும் கை அவர்களுடையது. முடிவு அவர்களுடையது அன்று.

பிள்ளைகளை நம்பிப் பொறுப்பளித்த பெருமக்களும் உலகில் வாழ்ந்துள்ளனர். போலந்து நாட்டின் வார்சா நகரில் 1912-இல் யூத ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார் யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர். அவ்வில்லத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மன்றமும், ஒரு நீதிமன்றமும் இருந்தன. நீதிபதிகள் பிள்ளைகள். அந்நீதிமன்றத்தில் ஆசிரியர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக் அவர்களே குற்றம் சாட்டப்பட்டு அதன்முன் நின்றதுண்டு. மன்னித்தலே அதன் முதற்கொள்கை. 1942 ஆகத்தில் நாசிகள் அவ்வில்லத்துப் பிள்ளைகளைத் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு இட்டுச் சென்றபோது, தாம் தப்பிக்கும் வாய்ப்பிருந்தும் ஏற்காது, ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு தாமும் சென்று உயிர்நீத்தார் அப்பெருமகனார். பிள்ளைகளின் தீர்ப்புக்குத் தலைவணங்கியவர்தாம் பிள்ளைகளுக்காக உயிரையும் ஈந்தார் என்பது எண்ணத்தக்கது.

நம் நாட்டிலும் 1966-ஆம் ஆண்டளவில் தில்லிப் பள்ளிகளில் இளைஞர் பாராளுமன்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் பொருள்களில் கருத்துச் சொல்லவும், அக்கருத்து மதிக்கப்படவும் பிள்ளைகளுக்கு உரிமையுண்டு என்கின்றது. 1992-இல் இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆகவே, மாணவர் குரலுக்குச் செவிசாய்த்தல் நாம் காட்டும் தயவு அன்று. நாடு ஏற்றுக்கொண்ட கடமை.

அச்சத்தில் உண்மை உண்டு

'பள்ளிக்குள் தேர்தலைக் கொண்டுவந்தால் அரசியல் நுழையும், சாதி நுழையும், படிப்புக் கெடும்' என்று பெரியோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் நம் நோக்கமன்று. அதில் உண்மை உண்டு.

தமிழகத்தில் மாணவர் ஆற்றல் எத்தகையது என்பதனை 1965-இன் மொழிப்போர் காட்டிற்று. அதன் பின்னர் 1967 பொதுத்தேர்தலில், விருதுநகர்த் தொகுதியில், மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசனிடம் பெருந்தலைவர் காமராசர் தோல்வியுற்றார். மாணவர் அமைப்பை ஆள்வோர் ஐயத்தோடு நோக்குவதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளும் காரணமாயின எனலாம். கல்லூரித் தேர்தல்களில் பணமும் வன்முறையும் புகுந்த வரலாறும் நாடு முழுவதும் உண்டு.

சாதியைப் பற்றியோ சொல்லவே வேண்டுவதில்லை. 2023 ஆகத்தில் நாங்குநேரியில், உடன் பயிலும் மாணவர்களே, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். தமிழகமே தலைகுனிந்தது. நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் அமைந்த ஒருநபர்க் குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது.

ஆயின் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாங்குநேரிக்குக் காரணம் மாணவர் தேர்தலா? அன்று. தேர்தல் இல்லாத பள்ளிகளிலும் கயிறுகள் கட்டப்பட்டன. பிள்ளைகளுக்கு ஒன்றுகூடிச் செய்யப் பொதுப்பணி இல்லாத இடத்தில், தனித்தனியே கூடும் குழுக்கள் தழைக்கின்றன. வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. ஒரே விழாவுக்கு ஒருவன் தோரணம் கட்ட, ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இருவரும் ஒரே பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்பும் மாலைகள் மிகுதியாக வேண்டும்.

தேர்தலில் தீமை புகாதிருக்க வழியும் உண்டு. உச்சநீதிமன்ற ஆணையின் வழி அமைந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகள் 2006-இல் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. வேட்பாளர் செலவுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு, 75 விழுக்காடு வருகைப்பதிவு, அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, தேர்தல் நடைமுறை முழுவதும் பத்து நாள்களுக்குள் முடிதல், முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் செலவுக்கணக்கு ஒப்படைத்தல் ஆகியன அவற்றுட் சில. பள்ளிகளுக்கு அவை விதிக்கப்பட்டவை அல்ல. எனினும் அவற்றின் உட்பொருளைப் பள்ளிக்கேற்பச் சுருக்கிக்கொள்வதில் தடையேதும் இல்லை. ஐயாயிரத்தை ஐந்து காசுமில்லை என்று ஆக்கிவிட்டால் போதும்.

விழாக்களே மெய்யான பயிற்சிக்களம்

நாம் வாக்குச்சீட்டை மட்டும் வலியுறுத்தவில்லை என்பதனை ஈண்டுத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அதிகாரம் இல்லாத பதவிக்குத் தேர்தல் நடத்துவது பொம்மைக் கல்யாணம். பள்ளி மாணவனுக்கு எதில் அதிகாரம் தரலாம்? பாடத்திட்டத்தில் தர இயலாது. தேர்வில் தருதல் கூடாது. தரத்தக்கவை விழாக்களே.

பள்ளி ஆண்டின் நாள்காட்டியைப் புரட்டுக. சூலை 15-இல் கல்வி வளர்ச்சி நாள், ஆகத்து 15, செப்டம்பர் 5-இல் ஆசிரியர் நாள், நவம்பர் 14-இல் குழந்தைகள் நாள், இடையே விளையாட்டு விழா, தையில் பொங்கல் விழா, பின்னர் ஆண்டு விழா, இறுதியில் பிரிவு உபசார விழா. ஒவ்வொரு விழாவும் ஒரு சிறு அரசாங்கம். அதில் வரவு செலவு உண்டு. வேலைப் பங்கீடு உண்டு. நேரக் கட்டுப்பாடு உண்டு. விருப்பு வெறுப்பை அடக்கி முடிவெடுத்தல் உண்டு. முடிவு தவறினால் பழியை ஏற்றல் உண்டு. அறுவடையும் மரவள்ளிக் கிழங்கு ஆலை வேலையும் மும்முரமாக உள்ள வாரத்தில் விழா வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது மாணவனுக்குத் தெரியும்; மேலிருந்து வரும் சுற்றறிக்கைக்குத் தெரியாது.

இன்றோ ஆண்டு விழா என்பது திரைப்படப் பாடலுக்கு ஆடுதல், ஒலிபெருக்கி அதிர்தல், சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசுதல் என்று சுருங்கிவிட்டது. பிள்ளைகள் மேடையில் ஆடுகின்றனர். ஆனால் விழாவை நடத்துபவர் பிள்ளைகள் அல்லர். விருந்தினர் எழுந்து சென்றபின் நாற்காலி மடக்குவது மட்டுமே அவர்கள் பங்கு.

அண்மைக் காலத்தில் நல்லறிகுறிகள் சில தோன்றியுள்ளன. 2022–23 கல்வியாண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழாப் போட்டிகள் தொடங்கப்பெற்றன. 2024-இல் 'மகிழ் முற்றம்' என்னும் பெயரில், குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைப் பெயர் தாங்கிய மாணவர் குழுக்கள் அரசுப் பள்ளிகளில் அமைக்கப்பட்டன. சாதிப் பெயரால் கூடும் பிள்ளைகளைத் திணைப் பெயரால் கூட்டும் எண்ணம் வரவேற்கத்தக்கது. சேர்வராயன் மலையைக் கண்ணெதிரே கொண்டு, வயலும் விசைத்தறியும் சூழ வாழும் நம் பிள்ளைகளுக்குக் குறிஞ்சியும் மருதமும் ஏட்டுச் சொற்கள் அல்ல. ஆனால், குழுக்கள் கொடி பிடித்து அணிவகுப்பதோடு நின்றுவிடுமா, அல்லது ஒரு விழாவின் சாவியும் கணக்குப் புத்தகமும் அவற்றின் கையில் தரப்படுமா என்பதில்தான் திட்டத்தின் உயிர் உள்ளது.

நாம் வேண்டுவன

ஆகவே, பள்ளி நிர்வாகத்தார் முன்னும் பெற்றோர் முன்னும் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, வாக்குகள் மறைவாக இடப்படுக; வெளிப்படையாக எண்ணப்படுக. வகுப்பறையில், கரும்பலகையில் கோடிட்டு, அனைவர் கண்முன்னும் எண்ணினால் போதும். எண்ணிய முடிவை மாற்றும் உரிமை ஒருவர்க்கும் இருத்தல் ஆகாது. மாற்ற நேரிடும் என்று அஞ்சினால் தேர்தல் நடத்தாதிருப்பதே நேர்மை.

இரண்டாவது, தலைமை சுழல்வதாக அமைக. ஓராண்டில் இருவர் அல்லது மூவர் பொறுப்பேற்கலாம். அவருள் சரிபாதியினர் பெண்பிள்ளைகளாக இருத்தல் வேண்டும். தமிழக உள்ளாட்சிகளில் மகளிர்க்கு 50 விழுக்காட்டு இட ஒதுக்கீடு 2016-இல் சட்டமாயிற்று. பேரூராட்சியை ஆளத்தக்க பெண் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தை அடக்க இயலாதவள் என்பது எவ்வகை வாதம்?

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு விழாவேனும் முழுமையாக மாணவர் மன்றத்திடம் ஒப்படைக்கப்படுக. ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டுக. கையைப் பிடித்து எழுதாதிருக்க. விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுக. கணக்குக் காட்டாத குழுவினர் மறுமுறை பொறுப்புக்கு வர இயலாது என்னும் உத்தரமேரூர் விதி இங்கும் செல்லுபடியாகுக.

நான்காவது, விழாக்கள் பள்ளி நேரத்துக்குள், கடைசிப் பேருந்துக்கு முன்னர் முடிக்கப்படுக. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். மின்னாம்பள்ளியிலிருந்தும் காரிப்பட்டியிலிருந்தும் குப்பனூரிலிருந்தும் வரும் பிள்ளைகளைக் கேட்டால் அதன் பெருமை விளங்கும். இருட்டிய பின் நடக்கும் விழா, ஊருக்குள் வீடுடையவர் விழா; அதிலும் ஆண்பிள்ளைகளின் விழா. வசூல் தொகையும் ஏழை வீட்டுப் பிள்ளை கூசாமல் தரக்கூடியதாக இருக்க வேண்டும். தர இயலாதவர் பெயர் ஒருபோதும் படிக்கப்படலாகாது.

ஐந்தாவது, திங்களுக்கு ஒருமுறை மாணவர் மன்றத்தினர் தலைமையாசிரியரோடு அமர்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுக. பேசியவை ஒரு குறிப்பேட்டில் எழுதப்படுக. கேட்டவை அனைத்தும் கிடைக்க வேண்டுவதில்லை. ஏன் கிடைக்கவில்லை என்னும் விடை கிடைத்தாக வேண்டும். காரணம் கேட்டறிந்து 'இல்லை' என்பதை ஏற்கப் பழகிய பிள்ளை, பின்னாளில் கல்லெறியும் கூட்டத்தில் எளிதில் சேராது.

முடிவாக

1988-ஆம் ஆண்டின் 61-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் வாக்குரிமை வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1989-இல் அது நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் பிள்ளை ஓரிரு திங்களில், அல்லது ஓராண்டில், நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கும் வாக்காளர் ஆகின்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கைகட்டி நிற்கப் பழக்கிவிட்டு, பன்னிரண்டாம் ஆண்டின் முடிவில் 'இந்நாட்டு மன்னர்' என்று அவரை அழைக்கின்றோம். கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் முதலாண்டு மாணவர் பலர், ஒரு கூட்டத்தில் எழுந்து நன்றியுரை சொல்லவும் நடுங்குவதனை ஆண்டுதோறும் காண்கின்றோம். அறிவுக் குறைவு அன்று அது, வாய்ப்பளிக்காத குறை.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு சொல். ஊர்ப் பொதுக்காரியம் எதுவாயினும், நாலு பேர் கூடிக் கலந்து பேசி முடிவெடுத்தலே சிறப்பு என்பது தாங்கள் அறியாததன்று. அக்கலந்தாய்வில் வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இடம் அளியுங்கள். திருமண வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு நாள் பதினைந்து வயது மகளிடம் எழுதத் தந்து பாருங்கள். பள்ளி மாறுவதற்கு முன்னர் வீடு மாறலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் தேர்ந்தெடுப்பவர் சில வேளை தகுதியற்றவராக இருக்கலாம். நாடு தேர்ந்தெடுப்போர் மட்டும் எப்பொழுதும் தகுதியுடையோராகவா அமைகின்றனர்? பள்ளியில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு விழா கெடும். அடுத்த முறை பிள்ளைகளே திருந்துவர். தவறு செய்து கற்பதற்கு அதனினும் விலை குறைந்த இடம் வேறில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. தலைமை என்பது சட்டைமேல் குத்தும் வில்லை அன்று. உங்களுக்கு உரியதல்லாத வில்லை உங்கள் சட்டையில் குத்தப்படுமாயின், அன்றே கழற்றி உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். நாள் கடந்தால் அது கனக்கும். நாம் அறிவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வில்லை நம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கின்றது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் காசு பிசகாமல் எழுதியவளின் தேர்தல் எண்ணிக்கையை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவள் வென்றாள் என்பதனை இம்மலரிலேனும் பதிவு செய்கின்றோம். காலம் கடந்த கணக்கு ஒப்படைப்புத்தான். ஆயினும் கணக்கு, கணக்கே.